என்னைத் துரத்திய ஊர்தி

தை 5, வெள்ளி

காவல்துறை கழித்துப்போட்ட ஊர்திகளின் ஏலத்தில் இன்று ஒன்றை எடுத்தேன். வெள்ளைக் கான்டசா. வெள்ளை என்பது அதன் பழைய நிறம், கான்டசா என்பது பிறமொழிப் பெயர், இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். நெடுஞ்சாலையில் தப்பியோடுவோரை விரட்டிப் பிடிப்பதற்கென்றே எங்கள் வட்டாரத்துக்கு அளிக்கப்பட்ட ஒரே ஊர்தி அது. இன்று அதன் நான்கு உருளிகளில் இரண்டு மண்ணில் புதைந்திருந்தன, ஒன்றைக் காணவில்லை. இழுவை வண்டியில் கட்டிக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். இறக்கும்போது பின்கதவு ஒன்று தானே திறந்து, தானே விழுந்தது.

இந்த ஊர்தியை என்னைவிட நன்கு அறிந்தவர் எவருமிலர். முப்பத்தேழு ஆண்டுகளாக மேடைதோறும் இதைப் பற்றி முழங்கி வருகிறேன். பேருந்துக் கட்டண உயர்வை எதிர்த்து நாங்கள் சாலை மறியல் செய்த நாளில், இவ்வரக்க ஊர்தி என்னை நாற்பது கல் தொலைவு துரத்தியது, நான் சிக்கவில்லை. “அதற்கு நான்கு உருளி! எனக்கு ஒரே நாக்கு! வென்றது எது?” என்று கேட்பேன். “நாக்கு!” என்று கூட்டம் ஆர்ப்பரிக்கும். நாக்கைக் கொண்டு நாற்பது கல் ஓடியது எப்படி என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தமிழ்க் கூட்டம் பெருந்தன்மை மிக்கது.

மாசி 20 அன்று என் மேடை வாழ்வுக்குப் பொன்விழா. துரத்திய ஊர்தியிலேயே நான் வந்து மேடையருகே இறங்க வேண்டும் என்பது விழாக்குழுச் செயலாளர் வில்லவனின் கனவு. “நாவேங்கை செம்பரிதி வருகிறார்” என்று ஒலிபெருக்கி அறிவிக்கும்போது நான் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு முதலில் கதவு வேண்டும்.

என் மனைவி பொற்கொடி வாயிற்படியில் நின்று நெடுநேரம் ஊர்தியைப் பார்த்தாள். (கனகவல்லியாய் இருந்தவள், மணநாளன்று அவளைக் கேளாமலே பெயர் மாற்றினேன். அவளும் மாற்றத்தைக் கேளாமலே ஏற்றுக்கொண்டாள் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.)

“ஊருல இல்லாத வண்டியா? இதுதான் கிடைச்சுதா?” என்றாள்.

பகலுணவில் குழம்பு இல்லை.

தை 6, சனி

ஊர்திக்கு வேண்டிய உறுப்புகளைத் தூய தமிழில் பட்டியலிட்டுத் திருச்சியிலுள்ள கடைக்கு அனுப்பினேன். கடைக்காரர் என்னிடம் பேசாமல் என் மகளைத் தொலைபேசியில் அழைத்து, “மேடம், அப்பா அனுப்புனது லிஸ்டா, வாழ்த்து மடலா?” என்று கேட்டாராம்.

தை 7, ஞாயிறு

மகள் இளவேனில் திருச்சியிலிருந்து வந்தாள். ஊர்திக் காப்பீட்டில் சேத மதிப்பீட்டாளர் பணி. மோதிய வண்டிகளைச் சுற்றிவந்து, நசுங்கலைப் பார்த்தே நடந்ததைச் சொல்லிவிடுவாள். வண்டியின் உரிமையாளர்கள் சொல்வதைக் கடைசியில்தான் கேட்பாள், பெரும்பாலும் கேட்பதேயில்லை.

சுண்ணக்கட்டியால் ஊர்தியெங்கும் வட்டங்கள் போட்டாள். முன்மூடியில் ஒன்பது. இடப்பக்கக் கதவுகளில் பதினொன்று.

“அப்பா, இது துரத்துன வண்டி இல்ல.”

“என்ன சொல்கிறாய்?”

“துரத்திட்டுப் போற வண்டிமேல கல்லு பட்டா இழுத்த கோடு விழும். இது எல்லாம் குண்டு குண்டா பள்ளம். வண்டி மெதுவா போயிருக்கு. கூட்டத்துக்கு நடுவுல, கல்லடி வாங்கிக்கிட்டே. மெதுவா போனா அடி வாங்குவோம்னு தெரிஞ்சும் மெதுவா ஓட்டியிருக்காங்கன்னா, உள்ள குலுங்கக் கூடாத யாரோ இருந்திருக்காங்க.”

“உள்ளே அரசின் அடக்குமுறை இருந்தது” என்றேன்.

“அது எந்த சீட்டுல உக்காந்திருந்துச்சு?”

எனக்கு இருமல் வந்தது. வேண்டும்போது இருமல் வருவது ஐம்பது ஆண்டு மேடைப் பயிற்சியின் பயன்.

தை 13, சனி

பின்னிருக்கையைக் கழற்றினோம். அடியில் எலிக்கூடு, கடலை மடித்த தாள், துருவேறிய தகடு, கொஞ்சம் கண்ணாடித் துண்டுகள். துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினேன்.

“முன்கண்ணாடி உடைந்து சிதறியிருக்கும்” என்றேன்.

“முன்கண்ணாடி இப்படி வளைஞ்சிருக்காதுப்பா” என்றாள் மகள்.

பொற்கொடி வந்து முறத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குப்பைத்தொட்டி வெளியில்தான் இருக்கிறது.

துடைப்பதற்குத் துணி கேட்டேன். ஒரு மூட்டை பொன்னாடைகளைக் கொண்டுவந்து போட்டாள். ஐம்பது ஆண்டுகளில் எனக்குப் போர்த்தப்பட்டவை. எண்ணெய்க் கறையை ஒன்றும் உறிஞ்சவில்லை. பொன்னாடையை எதற்குமே பயன்படாத பொருளாகப் படைத்தவரின் நுண்ணறிவை வியந்தேன்.

தை 14, ஞாயிறு

காலை உணவின்போது மகள் கேட்டாள்: “அப்பா, என் பிறந்த நாளும் மறியல் நாளும் ஒண்ணுதானே?”

“ஆம். ஒரே நாளில் எனக்கு இரு குழந்தைகள் பிறந்தன: ஒன்று நீ, மற்றொன்று மக்கள் எழுச்சி.” இது என் புகழ்பெற்ற தொடர்.

“அன்னிக்கு ஒரு எறும்புகூட நகரக் கூடாதுன்னு மைக்ல சொன்னீங்கள்ல? அப்ப அம்மா ஆஸ்பத்திரிக்கு எதுல போனாங்க?”

பொற்கொடி தோசைக்கல்லில் நீர் தெளித்தாள். அந்த ஓசை நெடுநேரம் கேட்டது.

தை 20, சனி

ஊர்தியின் இயங்குபொறி மீது கை வைக்க உள்ளூரில் எவரும் துணியவில்லை. மகள் தன் தொழில் தொடர்புகளை உசாவி, இந்த ஊர்தியைப் பணிக்காலத்தில் ஓட்டிய முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்துவிட்டாள். ஓய்வுபெற்ற காவல் ஓட்டுநர் சூசைமாணிக்கம். அகவை எழுபத்து நான்கு. இடக்கால் சற்றே சாய்ந்த நடை.

பொற்கொடி வாயிலுக்கு ஓடினாள். “வாங்கண்ணே. எத்தனை வருசமாச்சு!”

எல்லாரையும் அண்ணே என்பது அவள் வழக்கம்.

அவர் ஊர்தியைச் சுற்றிவந்தார். இடப்பக்கக் கதவின் மிகப் பெரிய பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தார். சரியாகப் பொருந்தியது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நாவேங்கை ஐயா, நல்லாருக்கீங்களா? உங்க பேச்சு நிறையக் கேட்டிருக்கேன். நாற்பது கல் தொரத்துனேனாமே. வண்டியில அன்னிக்கு அவ்வளவு பெட்ரோல்கூட இல்லைங்க.”

தை 21, ஞாயிறு

இருமல். எழுத இயலவில்லை.

தை 27, சனி

ஆறு நாளாக நாள்தோறும் வருகிறார். எலி கடித்த மின்கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டினார். தகடு வெட்டித் தளம் அடைத்தாயிற்று. பள்ளங்களைத் தட்டி நிமிர்த்த ஆள் வந்தபோது, பெரிய பள்ளத்தை மட்டும் தொட விடவில்லை.

“இது இருக்கட்டும் தம்பி. இது எனக்கு வந்த கல்லு. ஒரு சாண் மேல பட்டிருந்தா மண்டையில விழுந்திருக்கும்.”

என்னோடு மிகக் குறைவாகவே பேசுகிறார். எதைச் சொன்னாலும் ‘ஐயா’ என்கிறார். அச்சொல்லை இவ்வளவு கூர்மையாகத் தீட்ட முடியும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

மாலையில் கை கழுவிவிட்டு வந்து ஒரு வேண்டுகோள் வைத்தார். கூலி வேண்டாமாம், அதற்கு மாற்றாக ஒன்று. “சிந்திக்கிறேன்” என்றேன். என் அகராதியில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். அவர் அகராதியில் என்னவென்று தெரியவில்லை, தலையசைத்துவிட்டுப் போனார்.

மாசி 1, செவ்வாய்

அவர் கேட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். நாட்குறிப்பில் கைதட்ட ஆளில்லை. ஆகவே உண்மையை எழுதலாம்.

மறியல் நாளின் நண்பகலில் பொற்கொடிக்கு வலி கண்டது, இருபது நாள் முன்னதாகவே. ஊரில் ஒரு வண்டியும் நகரவில்லை. என் ஆணை அன்றுபோல் அதற்கு முன்னும் பின்னும் மதிக்கப்பட்டதேயில்லை. வாடகை வண்டிக்காரர் ஒருவரிடம் கெஞ்சினேன். முண்டாசை இறக்கி முகத்தை மறைத்திருந்ததால் அவர் என்னை அறியவில்லை. “தலைவருக்குத் தெரிஞ்சா வண்டியக் கொளுத்திருவாருங்க” என்றார். தலைவர் நான்தான்.

நாற்கூட்டுச் சாலையில் இந்த ஊர்தி நின்றது. ஓட்டுநர் இருக்கையில் சூசைமாணிக்கம். நான் பேசத் தொடங்கி, முன்னுரையை முடிப்பதற்குள் அவர், “அம்மாவ ஏத்துங்க” என்றார். மேலிடத்தில் இசைவு கேட்கவில்லை. நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அவருக்கு அன்றைய கட்டளை.

பொற்கொடியைப் பின்னிருக்கையில் கிடத்தினோம். நான் எங்கே அமர்ந்தேன்? அமரவில்லை. முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் இடையே தரையில் குப்புறப் படுத்து, காவல்துறைக் கம்பளத்தைத் தலை மறைய இழுத்துப் போர்த்திக்கொண்டேன். என் தோழர்கள் என்னைப் பார்த்துவிடக் கூடாதே! தோழர்கள் கல்லெறிந்தார்கள். நான் அன்று காலையில்தான் அவர்களுக்கு வீரம் ஊட்டியிருந்தேன். அவள் வலி பொறாமல் கையை ஓங்கி ஓங்கி என் முதுகில் குத்தினாள். வளைகாப்பு வளையல்கள் என் மீது உடைந்தன. அது வலியின் குத்தா, சினத்தின் குத்தா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து நெடுஞ்சாலை வழியே நடந்து ஊர் திரும்பினேன். சட்டையின் முதுகில் குருதி. “அண்ணே, போலீஸ் வண்டி தொரத்துச்சா?” என்றான் ஒரு தோழன். இல்லை என்று நான் சொல்லவில்லை. மாலைக்குள் அது பத்துக் கல்லாயிற்று. பத்து நாளில் நாற்பது. அந்தத் தழும்பை முள்வேலி கிழித்தது என்று மேடைகளில் காட்டியும் இருக்கிறேன்.

இதுவரை எழுதியது நகைப்புக்குரியது. இனி எழுதுவது அப்படியன்று.

நின்ற இடத்தை விட்டு ஏன் போனாய், பின்னிருக்கையில் பெண்ணின் வளையல் துண்டுகள் ஏன் கிடந்தன என்று சூசைமாணிக்கத்தைக் கேட்டார்கள். அவர் உள்ளதைச் சொன்னார். சரிபார்க்க ஓர் அலுவலர் என் வீட்டுக்கு வந்தார். “காவல்துறையின் ஊர்தியில் என் வீட்டார் காலெடுத்து வைக்கமாட்டார்கள்!” என்று முழங்கிக் கையெழுத்திட்டேன். அப்போது தொட்டிலில் இளவேனில் அழுதாள். மற்றபடி எவரும் மறுக்கவில்லை.

அவருக்குப் பணி உயர்வு இல்லை. ஊர் ஊராக மாற்றல். அரசு வண்டியில் எவளையோ ஏற்றிக்கொண்டு போனவர் என்ற பேச்சு அவருக்கு முன்பே ஒவ்வோர் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் சட்டை மடிப்பில் ஒரு வளையல் துண்டை அவர் மனைவி செபஸ்தியம்மாள் கண்டெடுத்தாராம்.

“முப்பத்தேழு வருசமா என்கூடத்தான் இருக்கா, ஐயா. சோறு போடுறா. காய்ச்சல்னா கசாயம் வைக்கிறா. ஆனா நான் எங்க கிளம்பினாலும், ‘எங்க போறீங்க’ன்னு மட்டும் கேக்க மாட்டா. ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. விழாவுக்கு அவளக் கூட்டிட்டு வர்றேன். முன்வரிசையில உக்கார வைக்கிறேன். நடந்தத அவ காதுல விழுற மாதிரிச் சொல்லிருங்க. எனக்கு அதுபோதும்.”

இதுதான் அவர் கேட்ட கூலி.

மாசி 6, ஞாயிறு

பொன்விழா உரையைப் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். உண்மை பதினேழாம் பக்கத்தில் வருகிறது. வில்லவன் தொலைபேசியில், “அண்ணே, நாற்பது கல்லை ஐம்பதாக்கிடலாமா? பொன்விழாவுக்குப் பொருந்துமே” என்றான்.

மாசி 13, ஞாயிறு

பொறி உயிர்த்தது! புகையில் வேப்பமரம் மறைந்தது. ஆனால் தானே கிளம்பாது. பின்னாலிருந்து தள்ளினால்தான் கிளம்பும். “வயசாயிருச்சு. ரெண்டு ஆள் தள்ளுனா நாலு ஆள் மாதிரி ஓடும்” என்றார் ஓட்டுநர். என்னைப் பற்றியோ என்று ஒரு கணம் ஐயுற்றேன்; மேடை ஏற எனக்கும் இப்போது இருவர் வேண்டும்.

மகள் எல்லாவற்றையும் அறிந்துவிட்டாள். அவளிடம் நான் சொல்லவில்லை, ஊர்தி சொல்லிவிட்டது. புறப்படும்போது என்னிடம் வந்து, “நான் ஒருநாளைக்கு இருபது பேர் பொய் சொல்றதப் பாக்குறேன்பா. எல்லாரும் கடைசியில ஒத்துக்கிடுவாங்க. நீங்க கொஞ்சம் லேட்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மாசி 20, ஞாயிறு

பொன்விழா.

தொண்டர் எண்மர் தள்ள, ஊர்தி மேடையருகே வந்து நின்றது. எழுபத்திரண்டு பொன்னாடை. முன்வரிசையில் சூசைமாணிக்கமும், நீலச்சேலையில் செபஸ்தியம்மாளும் அமர்ந்திருந்தனர்.

பதினேழாம் பக்கம் வந்தது. சொன்னேன், சொல்லத்தான் செய்தேன். என் சொற்களை அப்படியே இங்கு எழுதுகிறேன்:

“அன்று அடியேன் அவ்வூர்தியின் அடித்தளத்தில் அடங்கிக் கிடந்தேன்! அறமே அதன் அச்சாணியாய் அமர்ந்து ஓட்டியது! அன்னைமையின் வளைகள் என் முதுகேட்டில் எழுத்தாணியாய் இறங்கின! அந்த அறத்தை நான் மறுத்தேன்! மறுத்தேன்! மறுத்தேன்!”

மூன்றாம் ‘மறுத்தேனு’க்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எவனோ சீழ்க்கை அடித்தான். நன்றியுரையில் வில்லவன் கண்கலங்கி, “தன்னைத் துரத்திய ஊர்தியையும் தாயாகப் பார்க்கும் நெஞ்சம் வேறெவருக்கு உண்டு?” என்றான். அதற்கும் கைதட்டல்.

கூட்டம் கலைந்தபின் சூசைமாணிக்கத்தைத் தேடிப் போனேன். ஊர்தியில் சாய்ந்து நின்றிருந்தார்.

“உங்கள் துணைவியார்…”

“‘ஏதோ கவிதை சொல்றாரு’ன்னா. கடலை வாங்கப் போயிருக்கா.” பிறகு அவருக்கே உரிய மரியாதையோடு, “பேச்சு நல்லாருந்துச்சுங்க, ஐயா” என்றார்.

முப்பத்தேழு ஆண்டில் அவர் என்னைத் திட்டியது இந்த ஒருமுறைதான்.

வீட்டில் பொற்கொடி பொன்னாடைகளை மடிக்கவில்லை. “‘என் பொண்டாட்டி அந்த வண்டியில போனா.’ அஞ்சு வார்த்தை. அஞ்சுதான். பதினெட்டுப் பக்கத்துல அதுக்கு எடமில்லையா?” என்றாள்.

எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான்.

மாசி 21, திங்கள்

மகள் விடுப்பு எடுத்துத் தங்கியிருந்தாள். காலையில் நால்வர் உதவியோடு ஊர்தியைத் தள்ளிக் கிளப்பி, அவளே ஓட்டினாள். பொற்கொடி பின்னிருக்கையில். நான் இம்முறை இருக்கையில்தான் அமர்ந்தேன்.

செபஸ்தியம்மாள் தம் வீட்டு முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சூசைமாணிக்கம் எங்களைக் கண்டு எழுந்து நின்றார். ஒலிபெருக்கி இல்லை. முன்னிலை வகிப்போர் இல்லை. என் வாயில் வணக்கமும் வரவில்லை.

“என் பெண்டாட்டி அந்த வண்டியில் போனாள்” என்றேன். “உங்கள் வீட்டுக்காரர்தான் ஏற்றிக்கொண்டு போனார். பேறுகாலம். நான் இல்லையென்று பொய் சொன்னேன்.”

அவர் கீரையை விட்டு நிமிரவில்லை. “வளையல் என்ன கலரு?” என்றார்.

நான் வாய் திறந்தேன். என் முதுகில் உடைந்த வளையல். தைத் திங்களில் என் கையாலேயே கூட்டி அள்ளிய வளையல். நான் பார்க்கவேயில்லை.

“பச்சை” என்றாள் பொற்கொடி. “ரெண்டு கையிலயும் பச்சை. வலது கையில மட்டும் நடுவுல ஒரே ஒரு சிவப்பு. எங்க அத்தை போட்டுவிட்டது.” இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, முறத்தில் வாங்கிப்போன துண்டுகளைக் கீரைக் காம்புகளுக்குப் பக்கத்தில் கொட்டினாள். எல்லாமே பச்சை.

செபஸ்தியம்மாள் எழுந்து உள்ளே போனார். செபப் புத்தகத்தோடு வந்தார். அதன் நடுப்பக்கத்தில் தாளில் மடித்து வைத்திருந்ததை எடுத்து, பச்சைத் துண்டுகளுக்கு நடுவே வைத்தார். சிவப்பு.

“இதை இன்னுமா வச்சிருந்தே?” என்றார் சூசைமாணிக்கம். அவர் குரல் உடைந்து நான் கேட்டது இப்போதுதான்.

“எவளோடதுன்னு தெரிஞ்சா, குடுத்துரலாம்னு வச்சிருந்தேன்.” துண்டை எடுத்துப் பொற்கொடியின் உள்ளங்கையில் அழுத்தினார். “இந்தாங்க. உங்க பொருள்.”

“நானும் வாயைத் தொறக்கல. அது என் தப்பு” என்றாள் பொற்கொடி.

“ஆமா, தப்புதான்” என்றார் செபஸ்தியம்மாள். பிறகு இளவேனிலை உச்சி முதல் கால்வரை பார்த்தார். “இந்தப் புள்ளையா? நல்லா வளந்திருக்கு.”

எல்லாருக்கும் குளம்பி வந்தது. எனக்கு வரவில்லை. கேட்கவும் இல்லை. அலுவலர் நீட்டிய உசாவல் தாளில் அன்று நான் எழுதியது பொய் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஓட்டுநரிடம் நீட்டினேன். நான்கே வரி. அவர் அதைப் படிக்காமல் மனைவியிடம் கொடுத்தார். செபஸ்தியம்மாளும் படிக்காமல் செபப் புத்தகத்தில், சிவப்புத் துண்டு இருந்த பக்கத்தில் வைத்தார்.

புறப்படும்போது ஊர்தி கிளம்பவில்லை. “நகருங்க, நான் பாக்குறேன்” என்று சூசைமாணிக்கம் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். நானும் மகளும் பின்னால் கை கொடுத்தோம். அப்போது முற்றத்திலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, எங்க போறீங்க?”

சூசைமாணிக்கம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“சும்மா, ரோடு வரைக்கும்” என்றார் அவர். “வர்றியா?”

செபஸ்தியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து முன்னிருக்கையில் ஏறினார். தள்ளினோம். பொறி இருமியது, என் இருமலைவிட உண்மையாக. கிளம்பிவிட்டது. நிற்கவில்லை.

“நில்லுங்கள்! நாங்களும் வரவேண்டும்!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

“ஓடுங்க, ஓடுங்க! நாற்பது கல் ஓடுனவருதானே!” என்று முற்றத்திலிருந்து பொற்கொடி கைதட்டினாள்.

நாற்பது அடியில் நின்றுவிட்டேன். ஊர்தி தெருமுனையில் திரும்பி மறைந்தது.